‘குவைட்’ என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பிரிட்டனில் வேலைக்குப் போகத் தயாராகும் செவிலியர்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைக் கையாள்பவர்களும் கல்லூரி மாணவர்களும். நீளமான, கடினமான சொற்களை இவர்கள் அகராதியைப் புரட்டிக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இடறுவதெல்லாம் சின்னச் சொற்களில்தான். அவற்றிலும் ‘குவைட்’ பற்றி வந்த அளவுக்குச் சந்தேகங்கள் வேறு எதைப் பற்றியும் வந்ததில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எளிதாகப் பிடிபடும்.

1. டீச்சர், ‘குவைட்’ என்றால் ஒரே வார்த்தையில் என்ன பொருள்?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இரண்டு பொருள் உண்டு, இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். ஒன்று ‘முற்றிலும்’, இன்னொன்று ‘ஓரளவு’. ‘குவைட் ராங்’ என்றால் முற்றிலும் தவறு. ‘குவைட் வார்ம்’ என்றால் ஓரளவு வெதுவெதுப்பு. ‘மிகவும்’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பாதி இடங்களில் தப்பித்துக்கொள்வார்கள், மீதி இடங்களில் மாட்டிக்கொள்வார்கள்.

2. எழுதும்போது ‘குவைட்’டும் ‘குவயட்’டும் மாறி மாறி வந்துவிடுகிறது. நினைவில் வைக்க வழி உண்டா?

உண்டு. ‘கைட்’, ‘ஒயிட்’, ‘பைட்’ ஆகிய சொற்களை எழுதிப் பாருங்கள். எல்லாம் ஐ, டீ, ஈ என்று முடிகின்றன. கடைசி ஈ ஒலிப்பதில்லை. ‘குவைட்’ அந்தக் குடும்பம். அமைதியைக் குறிக்கும் ‘குவயட்’டில் நடுவே ஓர் ஒலி கூடுதலாகக் கேட்கிறது அல்லவா? அந்த ஒலிக்கு உரிய ஈ, டீக்கு முன்னால் வந்துவிடுகிறது. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. ‘வெரி’ என்று ஒரு சொல் இருக்கும்போது இது எதற்கு?

இரண்டுமே அளவை உணர்த்தும் வினையடைகள்தான். ஆனால் ‘வெரி’ ஒரே திசையில், மேல்நோக்கி மட்டும் தள்ளும். தமிழிலும் மேல்நோக்கித் தள்ளும் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. ‘சால, உறு, தவ, நனி, கூர், கழி’ என்று மிகுதியைச் சொல்ல ஆறு சொற்களை நன்னூல் அடுக்குகிறது. ‘சாலச் சிறந்தது’ என்று இன்றும் எழுதுகிறோம்.

ஆனால் வாழ்க்கையில் எல்லாம் மிகுதியாக இருப்பதில்லை. ‘நன்றாக இருக்கிறது, ஆனால் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன்’ என்ற நடுநிலையைச் சொல்லவும் ஒரு சொல் வேண்டும். அதே போல, ‘இது முடிந்த விஷயம், இதற்கு மேல் பேச்சில்லை’ என்ற முழுமையைச் சொல்லவும் ஒன்று வேண்டும். ‘வெரி’யால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. ‘குவைட்’ இரண்டையும் செய்கிறது. அதன் அழகும் தொல்லையும் அதுவே.

4. சரி, எந்த இடத்தில் ‘முற்றிலும்’, எந்த இடத்தில் ‘ஓரளவு’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘குவைட்’டைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சில பண்புகள் ஏணி போன்றவை. சூடு, உயரம், அழகு, களைப்பு, விலை: இவற்றில் ஒரு படி ஏறலாம், ஒரு படி இறங்கலாம். ஏணிச் சொற்களுக்கு முன்னால் வந்தால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், ‘குவைட்’ என்பது ‘ஓரளவு’. ‘குவைட் டால்’ என்றால் சராசரியைவிட உயரம், அவ்வளவுதான். ‘குவைட் டயர்ட்’ என்றால் களைத்திருக்கிறார், ஆனால் இன்னும் நிற்க முடிகிறது.

வேறு சில சொற்கள் வாசற்படி போன்றவை. படிக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். நடுவில் நிற்க இடமில்லை. ஒன்று முடியும், அல்லது முடியாது. ‘இம்பாசிபிள்’, ‘ராங்’, ‘ரைட்’, ‘டெட்’, ‘அலோன்’, ‘ஷூர்’, ‘டிஃபரென்ட்’ எல்லாம் இப்படிப்பட்டவை. இவற்றுக்கு முன்னால் வந்தால் ‘முற்றிலும்’. ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் நடக்கவே நடக்காது. ‘ஓரளவு நடக்காது’ என்று ஒன்று இருக்க முடியாதல்லவா? ஏணியின் உச்சிப் படியிலேயே உட்கார்ந்திருக்கும் ‘எக்ஸலென்ட்’, ‘எக்ஸ்ட்ராடினரி’, ‘அமேசிங்’ போன்ற சொற்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க ஒரு வழி: அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி டால்’ சரியாக ஒலிக்கிறது, எனவே அது ஏணி. ‘வெரி இம்பாசிபிள்’ காதில் இடிக்கிறது, எனவே அது வாசற்படி. ‘டிஃபரென்ட்’ மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். ‘வெரி டிஃபரென்ட்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள், ஆனால் ‘குவைட் டிஃபரென்ட்’ பெரும்பாலும் முற்றிலும் வேறானதையே குறிக்கும். அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

5. ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள் எப்படி வந்தது? இது நியாயமே இல்லையே!

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் கோபம் குறையும். லத்தீனில் அமைதியையும் ஓய்வையும் குறித்த ஒரு சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடனோ பொறுப்போ தீர்ந்து விடுபட்ட நிலையை அங்கே அது குறித்தது. ‘குவிட்’, ‘குவயட்’, ‘குவைட்’ மூன்றும் அந்த ஒரே வேரின் பிள்ளைகள். இரண்டாம் கேள்வியில் எழுத்து மாறிப்போகிறது என்று வருந்தியவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

கடன் தீர்ந்தது என்றால் மிச்சம் ஏதும் இல்லை என்று பொருள். ‘மிச்சமில்லாமல்’ என்பதிலிருந்து ‘முழுவதும்’ என்ற பொருள் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வந்துவிட்டது. தமிழர்களுக்கு இது புதிய தடம் அல்ல. ‘கடன் தீர்ந்தது’ என்கிறோம். ‘தீர விசாரிப்பதே மெய்’ என்றும் சொல்கிறோம். அந்தத் ‘தீர’வும் முடிவிலிருந்து முழுமைக்குப் போன சொல்தான். வகுப்பில் இதைச் சொன்னவுடன் முகங்கள் மலர்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

‘ஓரளவு’ என்ற மெலிந்த பொருள் பல நூறு ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் நிலைபெற்றது. பழைய பொருளும் சாகவில்லை. அதனால்தான் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

6. வெளிநாட்டு அதிகாரி என் வேலையை ‘குவைட் குட்’ என்று எழுதியிருக்கிறார். இது பாராட்டா, இல்லையா?

முதலில் அவர் எந்த நாட்டவர் என்று சொல்லுங்கள். அமெரிக்கர் என்றால் மகிழலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் ஏணிச் சொல்லுக்கு முன்னாலும் ‘குவைட்’ பெரும்பாலும் ‘மிகவும்’ என்ற பொருளையே தரும். பிரிட்டிஷ்காரர் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ‘பரவாயில்லை, ஆனால் இன்னும் வேலை இருக்கிறது’ என்பதாகவும் இருக்கலாம்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். முதல் வேலையில், நான் இரவு பகலாக உழைத்துத் தயாரித்த அறிக்கையைப் படித்துவிட்டு, லண்டனிலிருந்த அதிகாரி ‘குவைட் குட்’ என்று எழுதியிருந்தார். வீட்டில் அன்று பாயசம். அடுத்த வாரம், அதே அறிக்கையை எந்தெந்த இடங்களில் மாற்றி எழுத வேண்டும் என்று இரண்டு பக்கக் குறிப்பு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மொழியில் அவர் சரியாகவே சொல்லியிருந்தார். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. என் மாணவர்கள் யாரும் அந்த ஒரு வாரத்தை அனுபவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குறைத்துச் சொல்லும் பிரிட்டிஷ் பழக்கம் ‘குவைட்’டோடு நிற்பதில்லை. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகளால் சூழப்பட்ட நிலையை, பிரிட்டிஷ் தளபதி ஒருவர் தம் அமெரிக்க மேலதிகாரியிடம் ‘எ பிட் ஸ்டிக்கி’, அதாவது ‘கொஞ்சம் சிக்கல்’ என்று தெரிவித்ததாகச் சொல்வார்கள். அமெரிக்கர் அதைச் ‘சமாளித்துக்கொள்வார்கள்’ என்று எடுத்துக்கொண்டாராம். அங்கே நின்று போரிட்ட குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் பெரும்பாலோர் உயிரிழந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அளவுச் சொல் ஒன்றைச் சரியாகக் காதில் வாங்குவது சின்ன விஷயம் அல்ல.

7. எழுத்தில் சரி. பேச்சில் கேட்கும்போது வேறுபாடு தெரியுமா?

தெரியும், காதைப் பழக்கினால். ‘குவைட் குட்’ என்பதில் ‘குட்’ அழுத்தம் பெற்றால், பேசுபவருக்குப் பிடித்திருக்கிறது. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்றுகூட இருக்கலாம். ‘குவைட்’ அழுத்தம் பெற்று, குரல் இறங்கி மேலே ஏறினால், பின்னால் ஓர் ‘ஆனால்’ தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் இதற்கு ‘தான்’ இருக்கிறது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய பெரியம்மாவிடம் ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்கிறோம். ‘நன்றாக இருந்தது’ என்றால் அது ஒரு பதில். ‘நன்றாகத்தான் இருந்தது’ என்று இழுத்தால் அது வேறு பதில். ரசத்தில் உப்பு கூடியதா, பாயசம் ஆறிப்போனதா என்று அடுத்து நாம் கேட்டே தீருவோம். பிரிட்டிஷ்காரர் ‘குவைட்’டை அழுத்தும்போது அந்தப் பெரியம்மாவின் குரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. ‘எ குவைட் குட் புக்’ என்று எழுதினேன், அடித்துவிட்டீர்கள். ‘எ வெரி குட் புக்’ மட்டும் எப்படிச் சரி?

‘எ’யும் ‘ஆன்’னும் ஏணிச் சொல்லோடு வரும்போது ‘குவைட்’டுக்குப் பின்னால் நிற்பதே வழக்கம்: ‘குவைட் எ குட் புக்’, ‘குவைட் ஆன் ஓல்ட் ஹவுஸ்’. ‘வெரி’க்கு முன்னால் நிற்கும். இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம், பத்து முறை சொல்லிப் பழகுங்கள். ‘எக்ஸ்ட்ராடினரி’ போன்ற உச்சிச் சொற்களோடு ‘எ குவைட் எக்ஸ்ட்ராடினரி’ என்றும் எழுதுவார்கள், அது பிழையல்ல.

9. ‘குவைட் எ ஃபியூ’ என்றால் ‘ஓரளவு சிலர்’ என்று எழுதிவிட்டேன். மதிப்பெண் போய்விட்டது. ஏன்?

ஏனென்றால் அதன் பொருள் ‘பலர்’. ‘எ ஃபியூ’ என்றால் சிலர். முன்னால் ‘குவைட்’ வந்ததும் எண்ணிக்கை கூடிவிடுகிறது. ‘கொஞ்சநஞ்சமல்ல’ என்று நாம் சொல்வதைப் போல. ‘குவைட் எ லாட்’ நிறைய, ‘குவைட் எ வைல்’ நெடுநேரம், ‘குவைட் எ பிட்’ கணிசமாக. இவற்றில் நான்காம் பதிலின் ஏணிக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். முழுத் தொடராகவே கற்றுக்கொள்ளுங்கள்.

செவிலியர் பணிக்குப் போகிறவர்கள் ‘குவைட் எ பிட்’டை மட்டும் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நோயாளி ‘ஐ ஆம் இன் குவைட் எ பிட் ஆஃப் பெய்ன்’ என்றால் அவருக்கு வலி நன்றாகவே இருக்கிறது. ‘பிட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ‘கொஞ்சம் வலி’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. ஆறாம் பதிலில் சொன்னபடி, குறைத்துச் சொல்லியே பழகிய மூத்த தலைமுறை அங்கே படுக்கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?’ என்று கேளுங்கள். எண்ணில் குழப்பம் வராது.

10. ‘ஷீ இஸ் குவைட் எ சிங்கர்’ என்கிறார்கள். ஓரளவு பாடகியா?

இல்லை. ‘அவர் பாடகி என்றால் பாடகி!’ என்று வியப்பது போல. பண்புச் சொல் நடுவில் இல்லாமல் ‘குவைட் எ’ நேராகப் பெயர்ச்சொல்லோடு வந்தால் வியப்பும் பாராட்டும்தான். ‘தட் வாஸ் குவைட் எ மேட்ச்’ என்றால், பார்க்காதவர்கள் ஏதோ இழந்துவிட்டார்கள்.

11. ‘நாட் குவைட் குட்’ என்று சொல்லலாமா? ‘அவ்வளவு நன்றாக இல்லை’ என்ற பொருளில்?

வேண்டாம், அந்த இடத்துக்கு ‘நாட் வெரி குட்’. இந்தப் பிழை நம்மவரிடம் நிறைய. ‘நாட் குவைட்’ என்பதன் பொருள் ‘கிட்டத்தட்ட, ஆனால் இன்னும் முழுமையாக இல்லை’. ஆகவே அதற்குப் பின்னால் முழுமை உள்ள ஒன்று, அதாவது வாசற்படிச் சொல், வர வேண்டும். ‘நாட் குவைட் ரெடி’: சேலை கட்டியாகிவிட்டது, பூ வைப்பதுதான் பாக்கி. ‘நாட் குவைட் ஃபினிஷ்ட்’, ‘நாட் குவைட் ரைட்’ எல்லாம் இப்படியே.

இன்னொரு பயன் பணிவு. ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்பது மூத்தவரிடம் சொல்லக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ‘ஐ டோன்ட் குவைட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ‘எனக்கு முழுவதும் விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்கிறீர்களா?’ என்று கேட்பதாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தொடர் இது.

12. ‘திஸ் இஸ் குவைட் பெட்டர் தேன் தட்’ சரியா?

சரியில்லை. ஒப்பிடும்போது ‘குவைட்’ ஒத்துவராது. ‘மச் பெட்டர்’, ‘எ பிட் பெட்டர்’, ‘ரேதர் பெட்டர்’ ஆகியவற்றில் ஒன்றைப் போடுங்கள். ஒரே விதிவிலக்கு உடல்நலம். ‘ஐ ஆம் குவைட் பெட்டர் நவ்’ என்றால் நோய் முழுவதும் குணமாகிவிட்டது. அங்கே ‘பெட்டர்’ ஒப்பீட்டை விட்டுவிட்டு வாசற்படிச் சொல்லாகிவிடுகிறது.

13. வினைச்சொல்லோடு வந்தால்? ‘ஐ குவைட் லைக் இட்’, ‘ஐ குவைட் அக்ரீ’ இரண்டும் ஒன்றா?

அதே ஏணியும் வாசற்படியும்தான். விருப்பம் ஏணி: ‘ஐ குவைட் லைக் இட்’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் ஓரளவு பிடித்திருக்கிறது. உடன்பாடு வாசற்படி: ‘ஐ குவைட் அக்ரீ’ என்றால் முழுச் சம்மதம். ‘ஐ குவைட் ஃபர்காட்’ என்று பழைய தலைமுறையினர் சொல்வது ‘அடியோடு மறந்துவிட்டேன்’.

‘ஹேப்பி’யை வைத்து ஒருவர் என்னை மடக்கினார். ‘ஷீ லுக்ஸ் குவைட் ஹேப்பி’ என்றால் ஓரளவு மகிழ்ச்சியாகத் தெரிகிறார். ஆனால் ‘ஐ ஆம் குவைட் ஹேப்பி டு வெயிட்’ என்றால் ‘காத்திருப்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை’. இரண்டாவதில் ‘ஹேப்பி’ உணர்ச்சியைச் சொல்லவில்லை, சம்மதத்தைச் சொல்கிறது. சொல் ஒன்றே ஆனாலும் செய்யும் வேலை மாறிவிட்டதால் அளவும் மாறிவிட்டது.

14. நான் ஏதோ சொன்னேன், அவர் ‘குவைட்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கோபமா?

பெரும்பாலும் இல்லை. பிரிட்டிஷ் பேச்சில் தனியாக வரும் ‘குவைட்’, அல்லது ‘குவைட் சோ’, ‘நீங்கள் சொல்வது முற்றிலும் சரி’ என்பதன் சுருக்கம். கொஞ்சம் பழமையும் மேட்டிமையும் கலந்த வழக்கு. புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

15. ‘ஃபேர்லி’, ‘ரேதர்’, ‘பிரிட்டி’ எல்லாமே ‘ஓரளவு’தானே?

ஏறத்தாழ. பிரிட்டிஷ் காதுக்கு ‘ஃபேர்லி’ சற்றுக் கீழ்ப்படி, ‘குவைட்’ அதற்கு மேல், ‘ரேதர்’ இன்னும் மேல். ‘ரேதர்’ பல நேரம் குறையையோ எதிர்பாராததையோ சொல்ல வரும். ‘பிரிட்டி’ பேச்சுக்கு உரியது. விண்ணப்பக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

16. தமிழில் மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் ‘மிகவும்’ போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது என்னை அதிகம் வருத்துவது இந்த ‘மிகவும்’. நம்மிடம் எவ்வளவு சொற்கள் இருக்கின்றன! ‘குவைட் டிஃபரென்ட்’ என்பதற்கு ‘முற்றிலும் வேறு’. ‘குவைட் இம்பாசிபிள்’ என்பதற்கு ‘நடக்கவே நடக்காது’. இங்கே ஏகாரமே ‘குவைட்’டின் வேலையைச் செய்துவிடுகிறது. ‘குவைட் ஃபர்காட்’ என்பதற்கு ‘அடியோடு’. ‘குவைட் எ ஃபியூ’ என்பதற்கு ‘பலர்’ அல்லது ‘கணிசமான பேர்’. ‘நாட் குவைட் ரெடி’ என்பதற்கு ‘இன்னும் முழுவதும் தயாராகவில்லை’.

கடினமானது அந்தப் பிரிட்டிஷ் ‘குவைட் குட்’தான். ‘ஓரளவு நன்று’ என்றால் அறிக்கை வாசிப்பது போல இருக்கிறது. பேச்சாக வரும் இடத்தில் நான் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதுகிறேன். ‘குட்’டில் அழுத்தம் விழுந்திருக்கும் என்று தோன்றினால் ‘நன்றாகவே இருக்கிறது’. ‘தான்’ போடுவதா, ஏகாரம் போடுவதா என்று முடிவு செய்ய, அதைச் சொன்ன கதாபாத்திரம் அடுத்த வரியில் என்ன செய்கிறது என்று முன்னே போய்ப் படித்துவிட்டு வருவேன். இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கினால் ஏகாரம். தட்டை மெல்லத் தள்ளி வைத்தால் ‘தான்’.